கற்பூரம் அணைக்காதவர்கள்

அத்தியாயம் பதினேழு

சென்ற வாரம் மாரியம்மன் கோயில் வாசலில் முப்பத்தொரு ஆண்பிள்ளைகள் வரிசையாக வந்து, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, “கமிட்டி முன்னால மிட்டாவுக்கு எதிரா வாயத் தொறக்க மாட்டேன்” என்று சத்தியம் செய்துவிட்டுப் போனார்களே, அன்று முதல் பொன்னாத்தாள் தன் புருஷனோடு பேசவில்லை. சோறு போட்டாள். குளிக்கத் தண்ணீர் வைத்தாள். பேச்சு மட்டும் கிடையாது.

செங்கோடனும் வாயாடி அல்ல. ஆனாலும் மூன்றாம் நாள் அவனுக்கே பொறுக்கவில்லை.

“நானென்ன ஆசைப்பட்டா போய் அணைச்சேன்? ஊரே அணைச்சுது, நானும் அணைச்சேன். மாட்டேன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே காட்டை விட்டுத் தொரத்தியிருப்பானுங்க.”

பொன்னாத்தாள் கம்பு புடைப்பதை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

“அணைச்சதுனால மட்டும் உட்டுருவானுங்களாக்கும்? ஆடி பொறக்கட்டும், பாருங்க.”

அவள் சொன்னதில் பொய்யில்லை. வடகாடு என்கிற அந்த நாலு ஏக்கர், செங்கோடனின் பாட்டன் காலத்திலிருந்து இந்தக் குடும்பம் உழுகிற பூமி. குடிகள் உழுகிற பூமியை, ஜமீன்தாரைப்போல ஊரையே வைத்திருக்கிற மிட்டாதாராக இருந்தாலும் நினைத்தபடி பிடுங்க முடியாது. அவருடைய சொந்தப் பண்ணை நிலமாக இருந்தால் எந்த நேரமும் ‘எழுந்து போ’ என்று சொல்லிவிடலாம். அதனால் மிட்டாதார் சுலபமான வழியாகப் பார்த்து, பதினைந்து வருஷமாகத் தம்முடைய பண்ணை ஏர்கள்தான் வடகாட்டை உழுது வருவதாகச் சர்க்காருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஊரில் மற்றவர்களுடைய காடுகளுக்கும் அதே கதிதான்.

இந்தச் சமயத்தில்தான் சென்னையில் சட்டசபை கூடி, மிட்டா குடிகளின் குறைகளை நேரில் கேட்டு எழுதிவர ஒரு கமிட்டியை அனுப்பியது. வெள்ளிக்கிழமை நாமக்கல் தாலுகா கச்சேரியில் விசாரணை. அங்கே யாரும் மறுத்துப் பேசாவிட்டால் மிட்டாதார் சொன்னதே உண்மையென்று கமிட்டியின் ஏட்டில் ஏறும். ஆடி முதல் வடகாட்டில் செங்கோடனின் ஏர் இறங்காது. அவ்வளவுதான்.

செங்கோடனின் தம்பி சின்னண்ணனுக்கு இதில் கவலை ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. பொங்கலுக்குப் பிறகு அதே வீட்டின் மேற்குப் பாதியில் தனியாக உலை வைத்துக்கொண்டவன் அவன். பண்ணைக்கு மேஸ்திரியாக வைத்துக்கொள்கிறேன் என்று காரியஸ்தர் சுவாமிநாதன் அவனுக்கு ஆசை காட்டியிருந்தார். கோயில் வாசலில் முதல் ஆளாகக் குனிந்து கற்பூரத்தை அணைத்தவன் அவன்தான்.

புதன்கிழமை மாலை பக்கத்து வீட்டுப் பூவாத்தாள் உறைமோர் வாங்க வந்தாள். புருஷன் போய் ஆறு வருஷம் ஆகியும் ஒற்றை ஆளாக ஏர் பிடித்துக் காட்டைக் காப்பாற்றி வருகிறவள். வந்தவளுக்கு முகமே சரியில்லை.

“ஏனக்கா, ஊருல முப்பத்திரெண்டு ஊடு. கற்பூரம் அணைக்க முப்பத்தொரு ஊட்டுக்குத்தான் ஆளு போச்சு. எங்கூட்டுக்கு வரவே இல்லை பாரு. ஏன்டா வரலீன்னு அந்த மிட்டாச் சேவகனைக் கேட்டா, ‘உங்கூட்டுல ஆளில்லையே’ங்கறான். நான் ஆளில்லாம பின்னே என்ன, கட்டுத்தறியா?”

பொன்னாத்தாளின் கையில் இருந்த மோர்க் கிண்ணம் அப்படியே நின்றது.

“இன்னொருக்காச் சொல்லு.”

“எதை?”

“ஆளில்லைன்னா சொன்னான்?”

“ஆமாங்கறேன்.”

“அப்ப நீ சத்தியம் பண்ணலை.”

“என்னையத்தான் கூப்புடவே இல்லையே!”

“நானும் பண்ணலை. செல்லியம்மா பண்ணலை. அங்கம்மா பண்ணலை. இந்த ஊருல ஒரு பொம்பளையும் பண்ணலை பூவா!”

பூவாத்தாளுக்கு விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாவம், காரியஸ்தர் சுவாமிநாதன் கெட்டிக்காரர்தான். ஊரில் எத்தனை ஏர், எத்தனை மாடு, எத்தனை மண்வெட்டி என்று விரல் நுனியில் வைத்திருக்கிறவர். வீட்டுக்கு ஒரு வாய்தான் உண்டு, அதுவும் மீசைக்குக் கீழேதான் உண்டு என்று அவர் நினைத்துக்கொண்டதற்கு நாம் என்ன செய்ய முடியும்?

வெள்ளிக்கிழமை அமாவாசை. விடியும் முன்பே பூவாத்தாளின் வண்டியில் ஐந்து பெண்கள் ஏறிக்கொண்டார்கள். ஆண்களைக் காரியஸ்தரே மூன்று வண்டி பிடித்து முன்னதாக அனுப்பிவிட்டார். கமிட்டி கூப்பிட்டால் போய் நிற்க வேண்டும், கேட்டால் ‘குறை ஒண்ணுமில்லைங்க’ என்று சொல்லிவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் உத்தரவு.

ஊர் எல்லையில் மிட்டாச் சேவகன் வண்டியை மறித்தான்.

“எங்க, காலங்காத்தால?”

“மோகனூருக்கு. அமாவாசையில்ல? ஆத்துல தலை முழுகிட்டு வாரோம்” என்றாள் பொன்னாத்தாள்.

“அஞ்சு பேருமா?”

“ஏன், நீயும் வாரியா? உடம்புல கெடக்குற அழுக்குக்கு ஒரு ஆறு பத்தாது” என்றாள் பூவாத்தாள், மூக்கணாங்கயிற்றைச் சுண்டிக்கொண்டே. சேவகன் ஒதுங்கி வழி விட்டான்.

எருமப்பட்டி தாண்டும் வரை வண்டியில் ஒரே பேச்சு. நாமக்கல் மலை கண்ணில் பட்டதும் ஆளாளுக்குத் தலைமயிரை ஒதுக்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டார்கள். பொன்னாத்தாளுக்குப் பயமாக இருந்தது. கச்சேரி என்றால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம், மாமனார் ஒரு தரம் போய்விட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்ததுதான். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆடி பிறந்த பிறகு வடகாட்டு வரப்பில் நின்று, வேறு யாருடைய ஏரோ ஓடுவதை வேடிக்கை பார்ப்பதை நினைத்துப் பார்த்தாள். பயம் போகவில்லை. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாகிவிட்டது.

கச்சேரிக் கூடத்தில் நீள மேஜைக்குப் பின்னால் கமிட்டி மெம்பர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர், கதர் ஜிப்பாவும் தடித்த மூக்குக் கண்ணாடியுமாக. பக்கத்தில் எழுதுகிற குமாஸ்தா. இந்தப் புறம் மிட்டாவின் வக்கீல், அவருக்குப் பின்னால் பட்டுக்கரை அங்கவஸ்திரத்தோடு காரியஸ்தர் சுவாமிநாதன்.

பெண்கள் வந்து தூண் ஓரம் நின்றபோது செங்கோடன் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

“ஏம்பா, ரெண்டு மாசத்துக்கு முந்தி நீங்கதானே மனு அனுப்பினீங்க? இது உன் கைநாட்டுத்தானே?” என்றார் தலைவர்.

“ஆமாங்க.”

“வடகாட்டை உன் குடும்பந்தான் உழுதுட்டு வருதுன்னு எழுதியிருக்கு. இப்ப அதைப் பத்திச் சொல்லு.”

செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டான்.

“சொல்றதுக்கு ஒண்ணுமில்லைங்க.”

“பயப்படாதே. இது சட்டசபைக் கமிட்டி. உன்னை யாரும் ஒண்ணும் செய்ய முடியாது.”

“ஒண்ணுமில்லைங்க சாமி.”

முப்பத்தோராவது ஆளும் அதையே சொல்லிவிட்டுப் போனான். தலைவர் பேனாவை மேஜைமேல் போட்டார். வக்கீல் எழுந்து நின்று அழகாக ஒரு புன்னகை செய்தார். மனு கொடுத்தவர்களே குறையில்லை என்கிறார்கள், யாரோ தூண்டிவிட்டு எழுதிய மனு, கமிட்டியின் பொன்னான நேரத்தை இதில் வீணாக்க வேண்டாம் என்றார். தலைவர் மனுக் கட்டை மூடக் கையை வைத்தார்.

“ஐயா, இருங்க!”

கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பொன்னாத்தாளுக்கே தன் குரல் இவ்வளவு பெரிது என்று அன்றைக்குத்தான் தெரியும். முன்னால் நடந்தாள். மற்ற நால்வரும் அவள் முந்தானையை ஒட்டியே வந்தார்கள்.

“யாரம்மா நீங்க?”

“அதே ஊருதானுங்க. அந்த மனுவுல இருக்குறதைச் சொல்ல வந்திருக்கறோமுங்க.”

சேவகன் சொன்னதை நம்பியிருந்த காரியஸ்தர் பாதி எழுந்துவிட்டார். “எசமான், இவங்க மோகனூருக்கு…” என்று ஆரம்பித்து, அதைச் சொன்னால் ஊர் எல்லையில் காவல் வைத்தது வெளிப்பட்டுவிடும் என்று உறைத்ததும் உட்கார்ந்தார்.

“புருஷன் பேரு?” என்றான் குமாஸ்தா.

பொன்னாத்தாள் பூவாத்தாளைப் பார்த்தாள்.

“செங்கோடனுங்க. அவ சொல்ல மாட்டா, நீங்க எழுதிக்குங்க” என்றாள் பூவாத்தாள்.

“செங்கோடனா? இப்ப ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டுப் போனாரே, அவரா?”

“அவரேதானுங்க” என்றாள் பொன்னாத்தாள். “அவரு ஏன் பேசலைன்னு முதல்ல எழுதிக்குங்க சாமி. போன சனிக்கெழமை மாரியாத்தா கோயில்ல ஊட்டுக்கு ஒரு ஆம்பளையக் கூப்புட்டு, உங்க முன்னால வாய் தொறக்கக் கூடாதுன்னு கற்பூரத்தை அணைக்க வெச்சாங்க. அணைச்ச மனுசன் பேசுனா குலத்துக்கே ஆகாது. அதான் ஊமையாட்ட நிக்கறாங்க.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “நீ பேசறியே அம்மா?”

“எங்களை யாரும் கூப்புடலைங்களே!”

மெம்பர் ஒருவர் சிரித்தே விட்டார். வக்கீல் சிரிக்கவில்லை. அவருக்கு வேலை இனிமேல்தான்.

“சரி. பேசட்டும். பேசுறதுக்கு என்ன, யாரும் பேசலாம். வடகாடு பண்ணை நிலம். பதினஞ்சு வருஷமாப் பண்ணை ஏர்தான் ஓடுது. இதோ காரியஸ்தர், பக்கத்துல நின்னு ஓட்ட வெச்சவர். உங்கிட்ட ஏதாவது காகிதம் இருக்கா?”

“காகிதம் இல்லைங்க.”

“பின்னே என்னதான் இருக்கு?”

பொன்னாத்தாள் வக்கீலை விட்டுவிட்டுத் தலைவரைப் பார்த்தாள்.

“பக்கத்துல நின்னு ஓட்ட வெச்சவருன்னு சொன்னாருங்களே, அந்தக் காரியஸ்தரை ஒரே ஒரு கேள்வி கேக்கட்டுமுங்களா?”

“கேளு.”

“வடகாட்டுல ஏரு ஓட்டயில எந்த எடத்துல நிறுத்தோணுமுங்க?”

காரியஸ்தர் சுவாமிநாதன் தொண்டையைச் செருமினார். அவர் செருப்பில் மண் பட்டு நாளாயிற்று. என்றாலும் பெண்பிள்ளைக்குப் பதில் தெரியாமல் நிற்கிற ஆளா அவர்?

“நிறுத்தறதாவது? நல்ல செம்மண் பூமி. இந்தக் கோடியில பூட்டுனா அந்தக் கோடியிலதான் நிக்கும்.”

பெண்கள் ஐந்து பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். அதாவது போகட்டும். கச்சேரி வாசலில் ஊமைகளாக நின்ற ஆண்களிடமிருந்தும் சிரிப்புக் கேட்டது. வாயைத் திறந்து பேசக் கூடாது என்றுதானே சத்தியம், சிரிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! காரியஸ்தரின் முகம் கறுத்தது.

“என்னம்மா விஷயம்?” என்றார் தலைவர்.

“வடகாட்டுல பாறை இருக்குதுங்க சாமி. வெளிய தெரியாது. மேல ஒரு சாண் மண்ணு மூடிக் கெடக்குது. கெழக்கு வரப்புல இருந்து பதினேழாஞ் சால், வேப்பமரத்துக்கு நேரா வந்தா ஏர்க்கொழு ‘ணங்’குன்னு தட்டும். தெரியாம ஓட்டுனா முறிஞ்சு போகும். எம் மாமனாரு அந்த எடத்துல ரெண்டு கொழுவை முறிச்சாருங்க. நாலு எட்டுக்கு ஏரைத் தூக்கிப் புடிச்சுத்தான் போகோணும். பதினாறு வருசமா அந்தப் பாறை மேல ஒக்காந்துதான் நான் எங்கூட்டுக்காரருக்குக் கஞ்சி ஊத்தறேன். பதினஞ்சு வருசம் ஏரு ஓட்ட வெச்ச மகராசனுக்கு அது தெரியலைங்களாமா?”

குமாஸ்தா அத்தனையையும் எழுதிக்கொண்டான்.

வக்கீல் கெட்டிக்காரர். “பாறை இருக்குன்னு இவங்க சொல்றாங்க, அவ்வளவுதானே? இருந்தால்தானே!” என்றார்.

“இருக்கா இல்லையான்னு பார்த்துட்டாப் போச்சு” என்றார் தலைவர். “நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்குக் கமிட்டி வடகாட்டுக்கு வரும். என் கண் முன்னால ஏர் ஓட்டணும். பாறை தட்டினால் காரியஸ்தர் சொன்னது அத்தனையும் பொய்யின்னு எழுதுவேன். தட்டலேன்னா மனு தள்ளுபடி. சம்மதமா?”

“சம்மதமுங்க” என்றாள் பொன்னாத்தாள். வக்கீல் காரியஸ்தரைப் பார்த்தார். காரியஸ்தர் அதற்குள் இருக்கையைவிட்டுக் கிளம்பியிருந்தார்.

வெளியே வந்தபோது பொன்னாத்தாளுக்குச் சந்தோஷத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. செங்கோடன் அரசமரத்தடியில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மிட்டா பிடித்துக் கொடுத்த வண்டியை விட்டுவிட்டு, வேர்க்க விறுவிறுக்க ஊருக்கு நடக்க ஆரம்பித்தான்.

பொழுது சாய்கிற நேரத்தில்தான் இருவரும் வீட்டில் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். செங்கோடன் கோபமாக இருப்பான் என்று அவள் நினைத்திருந்தாள். அவன் கலங்கிப்போய் இருந்தான்.

“நல்லாத்தான் பேசுனே புள்ளே. கேக்கையில எனக்கே ஒடம்பு சிலுத்துப் போச்சு. ஆனா எந்தச் சால், எந்த மரத்துக்கு நேருன்னு அத்தனையும் அவனை வெச்சுட்டே சொல்லிப்போட்டியே!”

“சொன்னா என்னங்க?”

“விடியறதுக்குள்ள பாறையை ஒடைச்சு அள்ளிட்டுப் போய்ட்டானுங்கன்னா?”

பொன்னாத்தாளுக்குத் திக்கென்றது. கச்சேரியில் இருந்த வேகத்தில் இது அவளுக்குத் தோன்றவே இல்லை. பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாளே தவிர, திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்! தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் தமுக்குச் சத்தம் கேட்டது. சேவகன் வீடு வீடாகக் கத்திக்கொண்டு வந்தான்.

“மிட்டா உத்தரவு! ஊட்டுக்கு ஒரு ஆளு, கடப்பாறை மம்பட்டியோட இப்பவே வடகாட்டுக்கு வரோணும்! வெட்டி வேலை!”

கூலியில்லாத வேலை இந்த ஊருக்குப் புதிதல்ல. மிட்டா கூப்பிட்டால் சோற்றுக் கையை உதறிவிட்டு ஓடித்தான் பழக்கம். செங்கோடனின் தகப்பன் காய்ச்சலோடு போயிருக்கிறான். செங்கோடன் தன் கல்யாணத்துக்கு மறுநாளே போயிருக்கிறான்.

சேவகன் இவர்கள் வாசலில் நின்றான்.

“செங்கோடா, ஆளு வரட்டும்!”

பொன்னாத்தாள் புருஷனைப் பார்த்தாள். அவன் எழுந்து வாசல்படி வரை போனான்.

“வரமுடியாது.”

“என்னது?”

“காதுல விழலியா? வரமுடியாது. எம் பூமியில குழி தோண்ட நான் வாரதில்லைன்னு போய்ச் சொல்லு.”

சேவகன் அடுத்த வீட்டுக்குப் போனான். கதவு திறக்கவில்லை. அதற்கடுத்த வீட்டில் செல்லியம்மாளின் குரல், ‘ஊட்டுல ஆளில்லை’ என்றது. ‘இங்கயும் ஆளில்லை’ என்று எதிர்வீட்டுக் குரல் கேட்டது. பூவாத்தாள் மட்டும் வாசலுக்கே வந்து, “எங்கூட்டுலதான் ஆளே இல்லைன்னு உனக்குத் தெரியுமே!” என்றாள். தெருக்கோடி வரை இதே பதில்தான். பொன்னாத்தாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆனால் வீட்டின் மேற்குப் பாதியில் கதவு திறந்தது. சின்னண்ணன் கடப்பாறையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, அண்ணன் முகத்தைப் பார்க்காமல் வடக்குத் தடத்தில் நடந்தான்.

செங்கோடன் பல்லைக் கடித்தான். பொன்னாத்தாள் கேணிமேட்டுக் குறுக்குவழியில் விழுந்தடித்து ஓடினாள். சின்னண்ணன் வடகாட்டு வரப்பில் ஏறியபோது, வேப்பமரத்துக்கு நேராக, மண் மூடிய பாறையின் மேல் அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் வெளிச்சம் இருந்தது.

“எந்திரிங்க அண்ணி.”

“எதுக்கு சாமி?”

“எனக்கு உத்தரவு. தோண்டோணும்.”

“தோண்டு. யாரு வேண்டாங்கறா? உங்க அய்யன் கொழு முறிச்ச எடம், நீயும் வந்து முறி. நான் ஒக்காந்திருக்கிற எடத்தை மட்டும் உட்டுட்டுத் தோண்டு.”

“நீங்க எந்திரிச்சாத்தானே தோண்ட முடியும்?”

“நான் எந்திரிக்கறதுக்கு நாளைக்கு ஒம்பது மணி ஆகும்.”

சின்னண்ணன் கடப்பாறையைத் தோளிலிருந்து இறக்கினான். ஊன்றவும் இல்லை, ஓங்கவும் இல்லை. அதற்குள் செங்கோடனும் வந்து சேர்ந்தான். தம்பியோடு சண்டை பிடிக்கப்போகிறான் என்று பொன்னாத்தாள் பயந்தாள். அவனோ தம்பியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்து பெண்டாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தான். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவர்கள் இப்படி உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

அப்போதுதான் மேற்குத் தடத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. ஒன்றல்ல. உள்ளூர் ஆட்களை நம்பாத காரியஸ்தர், கச்சேரியிலிருந்து வரும் வழியிலேயே வெளியூர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வருகிறார். வண்டிகளில் நிறுத்திவைத்த கடப்பாறைகள் தூரத்திலேயே தெரிந்தன. சின்னண்ணன் வண்டிகளைப் பார்த்தான், பாறைமேல் இருந்தவர்களைப் பார்த்தான். எந்தப் பக்கம் நிற்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“என்ன புள்ளே பண்றது?” என்றான் செங்கோடன்.

பொன்னாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இன்னும் நன்றாக உட்கார்ந்தாள்.

“எத்தனை வண்டின்னு எண்ணி வெச்சுக்குங்க. நாளைக்குக் கமிட்டிகிட்டச் சொல்லோணும்.”